மூன்று நூல் பூச்சு

ஆனைகட்டியில் கொடுங்கரைப் பள்ளத்துக்கு இந்தக் கரையில் வீட்டை அடியால் அளப்பார்கள், அந்தக் கரையில் கோலால். நாற்பது வருஷத்துக்கு முந்தைய நடப்பைச் சொல்கிறேன். எங்கள் அப்பா கொத்தனார். சின்னத்தடாகத்தில் தொடங்கி மாங்கரை, ஆனைகட்டி, பள்ளத்தைத் தாண்டிக் கேரளத்து அட்டப்பாடியில் சோலையூர், அகளி வரைக்கும் அவருக்கு வேலை இருந்தது. கூரை வேலைக்கு அக்கரையிலிருந்து ஓர் ஆசாரி வருவார். அப்பாவின் இடுப்பில் டேப், ஆசாரி கையில் முழக்கோல். ஒரே வீட்டுக்குள் இரண்டு கணக்குகள் நடக்கும். பள்ளிக்கூட விடுமுறை முழுக்க நான் அவர்களோடுதான். சித்தாளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பதும், அப்பா நீட்டச் சொல்லும்போது நூலின் மறுமுனையைப் பிடிப்பதும் என் வேலை.

அப்பாவினுடையது மனையடி சாஸ்திரக் கணக்கு. அறையின் உள்ளளவு எட்டடி, பத்தடி, பதினோரடி, பதினாறடி இருக்கலாம். ஒன்பது, பன்னிரண்டு, பதின்மூன்று ஆகாது. கோவை வட்டாரத்துப் பழைய வீடுகளில் பத்துக்குப் பதினொன்று அறை இவ்வளவு அதிகமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். ஆசாரிக்கோ நீள அகலத்தைவிடச் சுற்றளவு முக்கியம். இருபத்துநாலு விரல் ஒரு கோல். இன்றைய அளவில் ஏறத்தாழ 72 சென்டிமீட்டர். சுற்றளவைக் கோலில் எடுப்பார், மூன்றால் பெருக்குவார், எட்டால் வகுப்பார், மீதியை மட்டும் பார்ப்பார். ஒன்று மீந்தால் கிழக்கு, மூன்று தெற்கு, ஐந்து மேற்கு, ஏழு வடக்கு. இரட்டைப்படையில் மீந்தால் அளவையே மாற்றச் சொல்வார். 16ஆம் நூற்றாண்டில் திருமங்கலத்து நீலகண்டன் மூஸ்ஸது எழுதிய மனுஷ்யாலய சந்திரிகைதான் கேரளத் தச்சர்களுக்கு அடிப்படை நூல். ஈவை விட்டுவிட்டு மீதியை வைத்தே கணிதம் செய்வதற்கு ஐரோப்பாவில் காஸ் என்ற கணித மேதை ஒழுங்கான இலக்கணம் எழுதி வெளியிட்டது 1801இல். எங்கள் ஆசாரி அவரைக் கேள்விப்பட்டதில்லை. பலாமர நிழலில் உட்கார்ந்து, காதில் செருகிய பென்சிலை எடுத்து, பலகையில் நாலு வரி எழுதி முடித்துவிடுவார்.

ஒருமுறை சோலையூர்ப் பக்கம் ஒரு வீட்டில் இந்த இரண்டு கணக்கும் முட்டிக்கொண்டன. மேற்கு அறை. அப்பா பத்துக்குப் பதினொன்று என்று நூல் கட்டிவிட்டார். சுற்றளவு 42 அடி. ஆசாரி கோலை வைத்துப் பார்த்தார். பதினேழு கோலும் கிட்டத்தட்ட பத்தொன்பது விரலும் வந்தது. மூன்றால் பெருக்கினால் ஐம்பத்து மூன்றுக்கு மேல் சில்லறை நிற்கிறது. பதினேழு கோல் பதினாறு விரல் என்று இருந்தால் சரியாக ஐம்பத்து மூன்று. எட்டால் வகுத்தால் மீதி ஐந்து. மேற்கு அறைக்கு அதுதான் வேண்டும். அதற்குச் சுற்றளவில் மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடவே குறைய வேண்டும்.

வீட்டுக்காரர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நூலை நகர்த்தினால் அப்பாவின் பதினொன்று போய்விடும். நகர்த்தாவிட்டால் ஆசாரியின் ஐந்து போய்விடும். அப்பா குந்தி உட்கார்ந்து, கரணை முனையால் மண்ணில் அறையைக் கீறினார். சுவருக்கு மூன்று நூல் கனத்தில் பூச்சு. எட்டு நூல் ஓர் அங்குலம். எதிரெதிர்ச் சுவர் இரண்டையும் பூசினால் நீளத்தில் ஆறு நூல், அதாவது முக்கால் அங்குலம் குறையும். அகலத்திலும் அதே முக்கால். சுற்றி வரும்போது நீளம் இரண்டு தடவை, அகலம் இரண்டு தடவை. நாலு முக்கால் மூன்று. செங்கல் முகத்துக்குச் செங்கல் முகம் அளந்தால் அப்பாவின் அடி நிற்கும். பூச்சு ஏறிய பிறகு அளந்தால் ஆசாரியின் கோல் நிற்கும்.

“உங்களுக்குப் பூச்சுல தர்றனுங்க ஆசாரி” என்றார் அப்பா. ஆசாரி மறுபடி பலகையில் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். வேலை தொடங்கிவிட்டது.

ஐந்து மீந்தால் செல்வம் வரும் என்பதிலும், பன்னிரண்டடி அறை குடும்பத்தைக் கெடுக்கும் என்பதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த இரண்டு விதிகளும் வீட்டுக்காரர் கண்ணெதிரில் ஓர் அறையை மூன்று முறை அளக்க வைத்தன. வீட்டுக்காரருக்கும் அவர் மனைவிக்கும் தங்கள் வீட்டின் ஒவ்வோர் அளவும் வாயிலேயே இருக்கும். கட்டி முடித்துப் பத்து வருஷம் கழித்துக் கேட்டாலும் சொல்வார்கள்.

மலைச்சரிவில் வீடு கட்டுவது தனிக் கணக்கு. சமவெளியில் டேப்பைத் தரையில் படுக்கவைத்து அளக்கலாம். ஆனைகட்டிச் சரிவில் அப்படிப் படுக்கவைத்து இருபதடி பிடித்தால், நாலடி இறக்கம் உள்ள இடத்தில் கிடைமட்டமாகக் கிடைப்பது பத்தொன்பது அடி ஏழு அங்குலம்தான். ஐந்து அங்குலம் மண்ணோடு போய்விடும். அதனால் அப்பா மேட்டில் ஒரு முளை, பள்ளத்தில் ஒரு முளை அடிப்பார். டியூப் மட்டத்தின் ஒரு முனை அவரிடம், மறு முனை என்னிடம். ரப்பர் குழாய்க்குள் தண்ணீர் அடங்கும்வரை மூச்சுவிடாமல் நிற்க வேண்டும். “அம்மிணி, குமிழி இருக்குதா பாரு. இருந்தா மட்டம் பொய் சொல்லும்” என்பார். குழாயின் வாயிலிருந்து கட்டை விரலை எடுத்தால்தான் தண்ணீர் தன் மட்டத்துக்கு வரும். மூடியிருந்தால் எங்கே நிற்கிறதோ அங்கேயே நிற்கும். பள்ளத்து முளையில் அந்த மட்டத்தைக் குறித்து, நூலைக் கிடையாக இழுத்துக் கட்டி, அதன்மேல் டேப்பைப் பிடித்து, தூக்குக்குண்டை இறக்கிக் கீழே புள்ளி வைப்பார். மூலைக்கு மூன்று, நாலு, ஐந்து பிடிப்பது எல்லாக் கொத்தனாரும் செய்வதுதான். அப்பா அதை ஆறு, எட்டு, பத்தாகப் பிடிப்பார். முக்கோணம் பெரிதானால் டேப் பிடிப்பதில் வரும் அரை நூல் பிசகு மூலையைக் குறைவாகக் கெடுக்கும் என்பது அவர் கண்டு வைத்திருந்த உண்மை. கடைசியில் மூலைக்கு மூலை குறுக்களவு இரண்டும் சமமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வானம் தோண்டச் சொல்வார்.

ஆசாரியின் கூரைக் கணக்கை இங்கே விரிக்கவில்லை. ஒரு பலகையின் ஒரு விளிம்பில் பாதி அகலத்தையும், அதற்குச் செங்குத்தான விளிம்பில் மோட்டு வளையின் உயரத்தையும் சிறிதாக்கிக் குறித்து, இரண்டுக்கும் நடுவே கோலை வைத்துக் கைமரத்தின் நீளத்தை எடுத்துவிடுவார். இரண்டடி போனால் ஓரடி ஏறுகிற சரிவில் கைமரம் படுக்கை அளவைவிட நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். ஓடும் அதே கணக்கில் கூடும்.

நான் விரிவாகச் சொல்ல நினைப்பது செங்கலைப் பற்றி.

எண்பதுகளின் பிற்பகுதியில் அகளிப் பக்கம் ஒருவர் அப்பாவைக் கூப்பிட்டு, புதுமாதிரியாகச் சுவர் கட்ட முடியுமா என்று கேட்டார். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய ‘ரேட் ட்ராப்’, அதாவது எலிப்பொறிக் கட்டு அது. பேக்கர் 1917இல் பர்மிங்ஹாமில் பிறந்தவர். இந்தியாவுக்கு வந்து இமயமலைப் பகுதியில் பித்தோராகரில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு 1963இல் மனைவி எலிசபெத்தோடு வாகமண்ணுக்கு வந்தார். இன்றைக்கு இடுக்கி மாவட்டத்து மலை அது. பிறகு திருவனந்தபுரம். வீட்டுக்கு வேண்டிய பொருள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பதாக இருக்க வேண்டும் என்று காந்தி சொன்னதை வாழ்நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டவர். 1985இல் சி. அச்சுத மேனன் முதலானவர்கள் திருச்சூரில் தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு அமைப்பு அவருடைய முறைகளைக் கேரளம் முழுக்கக் கொண்டுபோனது. அந்தக் காற்று அட்டப்பாடி மலைக்கும் ஏறியிருந்தது.

அப்பா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. “எண்ணிப் பாத்துட்டுச் சொல்றனுங்க” என்றார். சாந்து இல்லாமல் தரையில் செங்கலை அடுக்கினார். ஒன்பது, நாலரை, மூன்று அங்குலச் செங்கல், இடைச்சாந்தையும் சேர்த்து. வழக்கம்போலப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தினார். முன்முகத்தில் நீளவாக்கில் ஒன்று, பின்முகத்தில் நீளவாக்கில் ஒன்று. சுவர்க் கனம் ஒன்பது. ஒவ்வொரு செங்கலும் மூன்று அங்குலம் எடுத்துக்கொண்டால் நடுவே மூன்று அங்குலம் வெற்றிடம். அந்த இரண்டுக்கும் அடுத்தாற்போல் குறுக்கே ஒரு செங்கலை நிறுத்தினார்; முன்முகத்தையும் பின்முகத்தையும் சேர்த்துப் பிடிக்கும் செங்கல் அதுதான். பிறகு மறுபடி இரண்டு, மறுபடி ஒன்று.

“இப்ப எண்ணு அம்மிணி.”

ஓரடி நீளத்துக்கு மூன்று செங்கல். நடுவே இருக்கும் வெற்றிடத்தின் அளவு ஒன்பது அங்குல நீளம், மூன்று அங்குல அகலம், நாலரை அங்குல உயரம். செங்கல்லின் அளவும் அதேதான். நாலு செங்கல் பிடிக்கும் இடத்தில் மூன்று வைத்திருக்கிறோம்; நாலாவது செங்கல் காற்று. சுவர் எவ்வளவு நீளம் போனாலும், எவ்வளவு உயரம் ஏறினாலும் நாலுக்கு ஒன்று காற்று. சாதாரண ஒன்பது அங்குலச் சுவரில் நூறு சதுர அடிக்கு 1,067 செங்கல் வேண்டும். இதில் 800 போதும். அந்தக் காற்று வெயிலையும் உள்ளே விடாமல் தாமதப்படுத்தும். அட்டப்பாடியின் கிழக்குப் பாதி மழைமறைவுப் பகுதி. முக்காலிப் பக்கம் கொட்டுகிற தென்மேற்குப் பருவமழை இங்கே அதிகம் வந்து சேர்வதில்லை, வெயில்தான் சேரும். இந்த நிலத்துக்கென்றே கண்டுபிடித்ததைப்போல எனக்குத் தோன்றிய சுவர் அது.

அப்பா அந்த ஒரு வீட்டைக் கட்டினார். அதற்குப் பிறகு இக்கரையில் ஒருவரும் அப்படிக் கட்டச் சொல்லவில்லை. கூலியை ஆயிரம் செங்கலுக்கு இவ்வளவு என்று பேசும் இடத்தில் செங்கல் குறைந்தால் கொத்தனாரின் கூலியும் குறையும். நிறுத்திக் கட்டுவதற்கு நேரமும் கூடுதலாகப் பிடிக்கும். வீட்டுக்காரருக்கோ, உள்ளே பொள்ளலாக இருக்கும் சுவர்மீது நம்பிக்கை வரவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாகச் செங்கல் மலிவாக இருந்தது. தடாகம் பள்ளத்தாக்கு முழுக்கச் சூளைகள். சின்னத்தடாகம், வீரபாண்டி, நஞ்சுண்டாபுரம், பன்னிமடை, சோமையம்பாளையம் என்று எந்தத் திசையில் போனாலும் புகைபோக்கி. செம்மண் எங்களுக்குத் தீராப் பொருளாகத் தெரிந்தது.

தீராதா என்பதற்கும் கணக்கு உண்டு. இடைச்சாந்தையும் சேர்த்து இருபதாயிரம் செங்கலின் கன அளவு சுமார் 1,400 கன அடி. பன்னிரண்டடி நீளம், பன்னிரண்டடி அகலம், பத்தடி ஆழத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு குழி. சாந்தின் பங்கைக் கழித்தாலும், சுடும்போது மண் சுருங்கும் என்பதால் தோண்டிய குழி ஏறத்தாழ அவ்வளவு இருக்கும். இருபதாயிரம் செங்கல் போட்டுக் கட்டிய ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் தடாகத்தில் இப்படி ஒரு குழி இருக்கிறது. நாலுக்கு ஒன்று காற்று என்று எல்லாரும் கட்டியிருந்தால் ஒவ்வொரு குழியும் இரண்டரை அடி மேலேயே நின்றிருக்கும். யானைகள் வந்துபோகும் பள்ளத்தாக்கு அது. ஓடைக்கரை எல்லாம் அறுபட்டு, மக்கள் வழக்குப் போட்டு, அனுமதி இல்லாமல் நடந்த நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட சூளைகளை 2021இல் மாவட்ட நிர்வாகம் மூடியது. மூடியது சரி என்றே நினைக்கிறேன். செங்கல் கொட்டிக் கிடந்த காலத்தில் கால் பங்கை மிச்சம் பிடிக்கும் வழி எங்கள் கையில் இருந்தது, வேண்டாம் என்றோம். இன்று செங்கலுக்கு அலைகிற காலத்தில் அந்தக் கட்டு கட்டத் தெரிந்த கொத்தனார் இந்தக் கரையில் கிடைப்பதில்லை.

அப்பாவின் வேலையைப் பார்த்து வளர்ந்த நான் பாலிடெக்னிக்கில் சிவில் படித்தேன். இத்தனை வருஷமும் சைட்டிலேயே இருந்துவிட்டேன். கருவிகள் எவ்வளவோ மேம்பட்டுவிட்டன. டியூப் மட்டத்துக்கு இரண்டு பேர் வேண்டும். லேசர் மட்டத்தை ஒருவரே நிறுத்திவிடலாம், குமிழிப் பயம் இல்லை. போன வருஷம் மாங்கரையில் என் அண்ணன் மகள் வீடு கட்டினாள். பிளான் முழுவதும் அவள் போனிலேயே இருந்தது. வீட்டைச் சுற்றி நடந்து பார்க்கலாம், வெயில் எந்த ஜன்னலில் விழும் என்று பார்க்கலாம். அப்பா இருந்தால் அந்தப் போனைக் கீழே வைத்திருக்கமாட்டார்.

ஆனால் வீட்டுக்காரர் வாயில் இன்று இருக்கும் எண் ஒன்றே ஒன்றுதான்: சதுர அடி என்ன ரேட். அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அப்பா காலத்தில் அறையை உள்ளளவால் சொன்னோம். குடும்பம் பாய் விரித்துப் படுக்கிற இடம் அது. இன்றைக்கு ரேட் போடுவது வெளியளவுக்கு. தனியாக நிற்கும் பத்துக்குப் பதினொன்று அறைக்கு உள்ளளவு 110 சதுர அடி. ஒன்பது அங்குலச் சுவரைச் சேர்த்து வெளியே அளந்தால் பதினொன்றரைக்குப் பன்னிரண்டரை, 143¾ சதுர அடி. மிச்சம் முப்பத்து மூன்றே முக்கால் சதுர அடியில் நிற்பது சுவர். சுவருக்குக் காசு கொடுப்பதில் தவறே இல்லை. அந்தச் சுவருக்குள் என்ன போகிறது என்பது கொடுப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். கம்பியிலும் இப்படித்தான். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள 12 எம்எம் ராடு ஒன்று பத்தே முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 8 எம்எம் ராடு நாலே முக்கால். ராடை எண்ணிப் பெருக்கினால் பில்லில் இருக்கும் எடை வருகிறதா என்று வீட்டு வாசலிலேயே தெரிந்துவிடும். பத்தாம் வகுப்புக் கணக்கு இது. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை இல்லாத வீடு எங்கள் பக்கம் இன்று குறைவு. இருந்தும் எண்ணுவதற்கு யாரும் வருவதில்லை.

இந்தக் கணக்கு மிகவும் தேவைப்படுகிறவர்கள் இருளர் குடும்பங்கள். மூங்கில் தப்பையைப் பின்னி, மண் பூசி, புல் வேய்ந்து அவர்கள் கட்டிய வீடுகளை நான் சிறுபிள்ளையில் பார்த்திருக்கிறேன். முழமும் சாணும் அவர்கள் உடம்பிலேயே இருந்தன. வீட்டின் ஒவ்வொரு பங்கும் கட்டியவருக்குத் தெரியும், கெட்டுப்போனால் அவரே மாற்றுவார். இன்று அரசு வீடு. 2011இல் வந்த பசுமை வீடு 300 சதுர அடி, 1.80 லட்சம் ரூபாய். 2024இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி, 3.50 லட்சம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் லைஃப் திட்டத்தில் ஏறத்தாழ 400 சதுர அடி. ஒரே மக்கள், பள்ளத்தின் இரு கரையிலும் சொந்தக்காரர்கள். எந்தக் கரையில் பிறந்தோம் என்பது அறையின் அளவைத் தீர்மானிக்கிறது. அது மட்டுமில்லை. தமிழ்நாட்டில் இருளர் தொல்பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். கேரளத்தில் அந்தப் பட்டியலில் காடர், காட்டுநாயக்கர், குறும்பர், சோலநாயக்கர், கொரகர் மட்டும்தான். ஆகவே 2023இல் தொல்பழங்குடியினருக்கென்று வந்த பிரதமரின் ஜன்மன் திட்ட வீட்டுக்கு இக்கரை இருளருக்கு வழி கிடைத்தது, அக்கரை இருளருக்குக் கிடைக்கவில்லை.

மூன்றரை லட்சத்தை 360ஆல் வகுத்தால் சதுர அடிக்கு 972 ரூபாய். கோவையில் ஒப்பந்தக்காரர் கேட்பது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். மலைமேல் மணலும் ஜல்லியும் ஏற்றும் வாடகை அதற்குமேல். இந்த இடைவெளியைக் குடும்பம் கடன் வாங்கி நிரப்புகிறது, இல்லாவிட்டால் கலவை நிரப்புகிறது. கலவையில் சிமெண்ட் குறைந்தால் கட்டும்போது கண்ணுக்குத் தெரியாது. சில வருஷம் கழித்துக் கூரையில் தெரியும்.

அதனால் இப்போது கான்கிரீட் போடும் முந்தின நாள் எந்த ஊரிலிருந்து கூப்பிட்டாலும் போய்விடுகிறேன். பெண்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் உட்காரவைத்துக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். கூரை 300 சதுர அடி, கனம் நாலரை அங்குலம் என்றால் 112½ கன அடி கான்கிரீட். ஒன்றுக்கு ஒன்றரை, மூன்று என்ற கலவையில் நூறு கன அடிக்கு இருபத்து மூன்று மூட்டை சிமெண்ட் பிடிக்கும். அப்படியானால் இந்தக் கூரைக்கு இருபத்தைந்து, இருபத்தாறு மூட்டை. காலையில் இருபத்தாறு மூட்டையை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள், சாயங்காலம் வெறும் சாக்கை எண்ணுங்கள் என்கிறேன். ஒரு பாட்டி, “சாக்கு எங்கிட்ட இருக்கட்டும் கண்ணு, நான் எண்ணிக்கிறேன்” என்று முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டார்.

பஞ்சாயத்து அலுவலகங்களில் பயனாளியின் பெயரும் தொகையும் எழுதிய பலகை வைக்கிறார்கள். அந்த வீட்டுக்குச் சிமெண்ட் எத்தனை மூட்டை, கம்பி எத்தனை கிலோ, செங்கல் எத்தனை என்பதையும் அதே பலகையில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் எழுதவில்லை. அதுவரை நானே பெரிய எழுத்தில் தாளில் எழுதிக் கொடுக்கிறேன், இக்கரைக்குத் தமிழில், அக்கரைக்கு மலையாளத்தில். அடுத்து மாடிப்படிக்கும் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். பத்தடி உயரத்துக்குப் பதினேழு படி, படி ஒன்றுக்கு ஏழு அங்குலமும் அரை நூலும் உயரம், கால் வைக்கப் பத்து அங்குலம். லாபம், நஷ்டம் என்று எண்ணிக்கொண்டே ஏறுகிறவர்களுக்கும் பதினேழாவது படி லாபத்தில்தான் முடியும்.